மல்பெரி நிற ஈ

மீன் வாடை அடிக்கும் என்று நினைத்து, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டாள். வந்ததோ அந்துருண்டை வாசம். மிக மெல்ல, பக்கத்து வீட்டு ரேடியோ போல.

ஏரிக்கரையில், மல்பெரி மரத்தடி பெஞ்சில், மடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தூண்டில் கம்போடு கொழுந்தன் நின்றிருந்தான். பஸ் டிரைவர். அவ்வளவு பெரிய வண்டியைச் சந்துக்குள் திருப்புகிறவனுக்கு ஒரு ஈயைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. அண்ணன் இருந்தவரை அவர்தான் தண்ணீரைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, ஒன்றை எடுத்து இவன் உள்ளங்கையில் வைப்பார். அவர் போய் ஏழு மாதமாகிறது. மல்பெரி உதிர்வது வருஷத்தில் பத்து நாள்தான். "ஒரே ஒரு தடவை வாங்க அண்ணி, நீங்க எடுத்துக் குடுங்க, நான் வீசறேன்" என்று நச்சரித்துக் கூட்டி வந்துவிட்டான்.

ஈ என்றால் உயிருள்ள ஈ அல்ல. தூண்டில் முள்ளில் நூலோ இறகோ சுற்றி, மீன் இரையென்று ஏமாறும்படி கட்டுவது. லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வந்ததும் அவர் சாப்பாட்டு மேசையில் இதற்காகவே குனிந்துவிடுவார். யாராவது போனில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "ஈ ஓட்டிக்கிட்டிருக்காரு" என்பாள். "ஓட்டல, கட்டுறேன்" என்று நிமிராமலே திருத்துவார். பிடித்த கெண்டையை வீட்டுக்கும் கொண்டுவர மாட்டார். நலம் விசாரித்துத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வருவார்.

பெட்டிக்குள் வரிசை வரிசையாக ஈக்கள். வாத்துகளுக்கு ஜனங்கள் ரொட்டி போடும் இடத்துக்கு வெள்ளை ஸ்பாஞ்சில் ஒன்று. அடிச்சேற்றைக் கெண்டை கிளறும் இடத்துக்குப் பழுப்பு ரோமத்தில் ஒன்று. எல்லாம் இரண்டு மூன்றாக இருந்தன. கடைசி அறையில் மட்டும் ஒன்றே ஒன்று, கனிந்த மல்பெரி நிறத்தில், சின்ன உருண்டையாக.

"இது எதுக்கு?"

"அதுவா? அது மாப்பிள்ளைக்கு."

மாப்பிள்ளை என்பது இந்த மரத்தடிக்குப் பழம் தின்ன வரும் கிழட்டுக் கெண்டை. முதுகுத் துடுப்பில் ஒரு வெட்டு இருக்கும். என்ன வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதால் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வைத்த பெயர்.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். மயிரிழைக் கீறல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. உருண்டையைக் கண்ணருகே கொண்டுபோனாள். கம்பளி இழைகளுக்கு நடுவே சன்னமாக ஒரு வெள்ளிச் சரிகை ஓடியது.

அவளுடைய சால்வை.

ஆறு வருஷமாக ஓட்டை விழுந்துகொண்டே இருந்த சால்வை. ஓர் ஓட்டையைப் பார்த்தால் நான்கு அந்துருண்டை போடுவாள். இன்னொன்றைப் பார்த்தால் எட்டு. "வீடா ஆஸ்பத்திரி வார்டா இது?" என்று அவர் தும்முவார். அந்துப்பூச்சியைப் பிடித்துவிடுவதாக அலமாரிக் கதவைத் திடீர் திடீரென்று திறந்து பார்ப்பாள். அவரும் பின்னால் வந்து நின்று, "தப்பிச்சிருச்சா?" என்று கேட்பார். என்ன முகம் அது! கடைசியில் அந்தச் சால்வையைத்தான், ஓட்டைகளோடே, அவர்மேல் போர்த்தி அனுப்பினாள்.

"மாப்பிள்ளை இதை ஒரு தடவையாவது முழுங்கிச்சா?"

"எங்க! ஆசையா வரும். வாய் வெக்கும். உடனே துப்பிட்டுப் போயிடும். அண்ணன் நிறம் சரியில்லன்னு புதுசா ஒண்ணு கட்டிக்கிட்டு வருவாரு. மறுபடியும் துப்பும். ஏழெட்டு இந்தக் கிளையிலயே மாட்டிப் போச்சு. கடைசி வரைக்கும் காரணம் புரியல அண்ணி."

அவள் பெட்டியை மூக்கருகே தூக்கினாள். பிறகு சிரித்தாள். தோள் குலுங்கியது. டிரைவர் பயந்துபோனான்.

"என்னாச்சு அண்ணி?"

"நாத்தம் தம்பி. அந்துருண்டை நாத்தம். என் சால்வையை அவர் வெட்ட வெட்ட, பூச்சின்னு நான் உருண்டை போட்டேன். நான் போடப் போட அது துப்பிச்சு. அது துப்பத் துப்ப அவர் வெட்டினாரு."

அவன் வாயைப் பிளந்து நின்றான். அண்ணாந்து மரத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். மேலே இலைகளுக்குள் எது பழம், எது சால்வை என்று தெரியவில்லை. அவர் எங்கேயோ கம்பியில் தொங்கும் லிஃப்டின் மேலே நின்றபடி, இன்னும் கீழே இறங்காமல் இருப்பது போலத் தோன்றியது.

தண்ணீரில் ஒரு பழம் விழுந்தது. ப்ளக். கொஞ்ச நேரம் கழித்து அந்த இடத்தில் ஒரு வளையம் விரிந்தது.

"வந்துடுச்சு" என்று கிசுகிசுத்தான். "வெள்ளையே போட்டுப் பாக்கலாம் அண்ணி. அது அறுத்துக்கிட்டு ஓடினா போச்சு. கிளையில மாட்டினாலும் போச்சு. அந்தக் கம்பளி இனிமே எங்க கிடைக்கும்?"

அவள் ஈயை மட்டும் எடுத்து இன்னொரு முறை முகர்ந்தாள். அலமாரி இருந்தது. தும்மல் இருந்தது. முதுகுக்குப் பின்னால், மூச்சுக்கு மிக அருகில், தப்பிச்சிருச்சா என்ற கேள்வி இருந்தது. வீட்டில் அலமாரியை அவள் காலி செய்து நாலு மாதம். இந்த வாசம் வேறெங்கும் மிச்சமில்லை. பெட்டியை மூடி எடுத்துப் போய்விடலாம். அடிக்கடி திறக்காமல் இருந்தால் இன்னும் சில வருஷம் தாங்கும்.

குனிந்து, தரையில் உடைந்து கிடந்த பழம் ஒன்றைப் பொறுக்கினாள். முள் குத்தாமல் பிடித்துக்கொண்டு, பழத்தை நசுக்கிக் கம்பளியில் தேய்த்தாள். இன்னொன்று. மூன்றாவது. சாறு விரலிடுக்கில் இறங்கி மணிக்கட்டுக்கு ஓடியது. சிறு திருகாணிகளோடு பழகிய விரல்கள் தூண்டில் நரம்பில் முடிச்சைத் தாமாகவே போட்டன.

"வீசு தம்பி."

வீசினான். அதே சமயம் காற்று மரத்தை உலுக்க, தண்ணீர் முழுக்கப் பழங்கள் விழுந்தன. அவள் கண்ணுக்கே எது ஈ என்று தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல மெதுவாக மூழ்கத் தொடங்கின. அடியிலிருந்து, முதுகில் வெட்டோடு ஒரு நிழல், எந்த அவசரமும் இல்லாமல் மேலே வந்தது. வெளிறிய வட்டமாக வாயைத் திறந்தது.

அவள் சிவந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோய், சாற்றுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.