ஒரு சஹன் சோறு

என் வாய் பொல்லாத வாய் என்று தைக்கா வீதி முழுக்கச் சொல்லும். சொல்லட்டும். எட்டு வயதுப் பிள்ளை நெற்றி கிழிந்து, வெள்ளை முக்காடு சிவப்பாகி, குர்ஆன் ஓதப்பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தால் எந்த உம்மாவின் வாய்தான் சும்மா இருக்கும்?

எங்கள் தைக்கா வீதிப் பொடியன்மாருக்கும் கடலோரத்து வாடி வீதிப் பொடியன்மாருக்கும் கிரிக்கெட்டில் பிரச்சினை. ஒரேயொரு நோ போல். அம்பயர் கையைத் தூக்கினானா இல்லையா என்று தொடங்கி, துடுப்பால் அடித்து, ஒருவனுடைய மோட்டார் சைக்கிளை உடைத்து, கடைசியில் சந்தியில் நின்று கல்லெறி. அந்தக் கற்களில் ஒன்றுதான் என் மகள் ஆகிலாவின் புருவத்துக்கு மேலே பட்டது. கல்முனை ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். அன்றிலிருந்து பிள்ளை எங்கள் வாசல் கேற்றுக் கடப்படியைத் தாண்டவில்லை. ஓதப் போகச் சொன்னால் கேற்றுத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள்.

எறிந்தவன் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளிவாசலில் கூட்டம் போட்டார்கள், பொலிஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. நான் நடுவீதியில் நின்று, எறிந்த கை எது என்று தெரிந்தால் அதை நானே முறிப்பேன் என்று சத்தம் போட்டேன். என் மூத்தவன் முபீன் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பதினாறு வயது. தங்கச்சி என்றால் உயிர்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் பெண்ணுக்கு. அதனால் தைக்கா வீதி ஆண்களில் பாதிப்பேர் வாடி வீதியில் பிறந்தவர்கள், அங்கிருப்பவர்களில் பாதிப்பேர் இங்கு பிறந்தவர்கள். என் புருஷன் கலந்தரும் அங்கிருந்து வந்தவர்தான். அவர் பிறந்த வீட்டில் இப்போது அவருடைய லாத்தா, அவருக்கு அக்கா, எனக்கு மதினி, மகன் நஸீரோடு இருக்கிறா. பிள்ளைக்கு அடிபட்ட மறுநாள் மதினி தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தா. நான் கடப்படியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு போனா. எனக்கு அப்போது கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

அன்று பின்னேரம் கலந்தரையும் ஒரு பிடி பிடித்தேன். உங்களுடைய வீதி ஆட்கள்தானே என் பிள்ளையின் மண்டையை உடைத்தது, ஆம்பிளை என்று இருக்கிறீர்களே, போய்க் கேட்க முடியாதா என்றேன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன் அவர். உள்ளே போனார். தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாடி வீதிக்கு நடந்துவிட்டார். போனவர் ராவைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. எங்களூரில் ஒருவன் தலையணையோடு லாத்தா வீட்டுக்குப் போனால் சனம் என்ன நினைக்கும்? ஆசியா உம்மா புருஷனைத் துரத்திவிட்டாள் என்று மீன் சந்தை வரைக்கும் கதை போய்விட்டது. அவரோ லாத்தா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, காலையிலிருந்து இருட்டும்வரை அங்கேயே இருக்கிறாராம். கடலுக்கும் போகவில்லையாம். கோழை என்று நான் அவரைத் திட்டாத நாளில்லை.

அந்தக் கிழமைக்குள் என் கோபம் பயமாக மாறிவிட்டது. ஆட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்கு அடியில் இரும்புப் பைப்புகள் இருந்தன. முபீன் ஃபோனில் இரகசியமாகக் கதைத்ததையும் கேட்டேன். சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் எங்கள் கொட்டிலடியில் கூடி, வாடி வீதிக்குள் இறங்குவதாம். நான் வீதியில் நின்று கத்தியதெல்லாம் அவன் காதில் ஏறியிருக்கிறது. அடித்தால் பொலிஸ், மறியல்; அடிபட்டால் ஜனாஸா. எதுவானாலும் என் பிள்ளை எனக்கில்லை.

வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை இரவு கலந்தருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது.  கேட்டு முடிந்ததும் அவர், நாளைப் பகலுக்குச் சோறு ஆக்கி முபீனிடம் கொடுத்தனுப்பு, சஹனில் அனுப்பு என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நான் பிள்ளை போகப்போகிறான் என்று அழுகிறேன், இவர் சோறு கேட்கிறார். அதுவும் சஹனில். சஹன் என்றால் நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. தனி மனுஷனுக்கு எதற்கு?

"நீ அனுப்பு ஆசியா. மத்தத நான் பாக்கன்" என்றார்.

பாரை மீன் ஆணமும் கத்தரிக்காய்ப் பால்கறியும் ஆக்கினேன். முபீன் மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினான். அந்தத் தெருவுக்குப் போவதென்றால் வேறு மாதிரித்தான் போவானாம்.

"வாப்பா பசியோட இரிக்காரு மனே. நீ போகாட்டி நான் ஆகிலாவையும் கூட்டிட்டுப் போறன்" என்றேன்.

தங்கச்சியின் பெயரைச் சொன்னதும் எழும்பினான். சஹனைத் துணியால் மூடி அவன் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்தால்தான் பிடிபடும். சோற்றோடு போகிற பிள்ளையை யாரும் அடிக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவன் சந்தியில் திரும்பும்வரை கண்ணை எடுக்கவில்லை. நானே என் பிள்ளையை அனுப்பிவிட்டேனே என்று கடப்படியில் நின்றேன். ஆகிலா தூணைப் பிடித்தபடி என்னோடு நின்றாள்.

அஸருக்குக் கொஞ்சம் முந்தித்தான் வந்தான். அவனுக்குப் பின்னால், சஹனைத் தூக்கிக்கொண்டு மதினியின் மகன் நஸீர் வந்தான். கடப்படிக்கு வெளியே, கிறவல் ரோட்டிலேயே நின்றுவிட்டான். உள்ளே வரவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

முபீன் என்னருகில் வந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"எறிஞ்சது இவன்தான் உம்மா."

 முபீன் மெல்ல மெல்லச் சொன்னான். இவன் எறிந்தது முபீனின் கூட்டத்துக்கு. ஒழுங்கையால் ஆகிலா வந்ததை இவன் காணவில்லை. அன்றிலிருந்து சோறு தண்ணியில்லாமல் அறைக்குள் கிடந்திருக்கிறான். அங்கே போன முதல் இரவே கலந்தருக்குத் தெரிந்துவிட்டது. வெளியே தெரிந்தால் எங்கள் பொடியன்மார் நஸீரைக் கொன்றுவிடுவார்கள் என்றுதான் மனுஷன் அந்த வாசலில் காவல் இருந்திருக்கிறார். இன்றைக்கு சஹனை நடுவில் வைத்து, இருவரையும் இரண்டு பக்கமும் இருத்தி, மீனைப் பிய்த்துப் பிய்த்து இருவருக்கும் போட்டாராம். தட்டு வெறுமையான பிறகுதான் நஸீர் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னானாம்.

"ஒரே சஹன்ல திண்டுட்டம் உம்மா. இனி எப்பிடி அடிக்கிற?" என்றான் முபீன். அவன் ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து, ஒருத்தரும் வர வேண்டாம், வீட்டுக்குப் போங்கடா என்று சொல்லி வைத்தான்.

நான் நஸீரின் கையைப் பார்த்தேன். முறிப்பேன் என்று ஊருக்கே சத்தம் போட்ட கை. இப்போது அந்தக் கையில் என் சஹன் இருந்தது. விரல்களில் என் ஆணத்தின் மஞ்சள் இன்னும் போகவில்லை. கழுவிய சஹனை வெறுமையாகத் தரக்கூடாதென்று மதினி அதில் தோடம்பழங்களை அடுக்கியிருந்தா. அன்றைக்கு நான் திருப்பி அனுப்பிய அதே தோடம்பழம். சந்தியில் கலந்தர் தலையணையோடு வந்துகொண்டிருந்தார். அவரிடம் எனக்குக் கேட்க நிறைய இருந்தது. அதெல்லாம் பிறகு.

"நஸீர் மச்சான், ஏன் இவ்வளவு நாளா வரல்ல?" என்று ஆகிலா கேட்டாள்.

அவன் அவளுடைய நெற்றிக் கட்டைப் பார்த்தான். வாய் கோணியது.

"பாரத்தத் தூக்கிட்டு ஏன் வெளியில நிக்காய், உள்ளுக்கு வா மனே" என்றேன் நான்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். ஆகிலா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தூணை விட்டுவிட்டு, கடப்படியைத் தாண்டி வெளியே போய், சஹனின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.