நந்தியாவட்டையில் ஒரு துளி

கார் அலாரம் அலறியது. நந்தியாவட்டைச் செடியடியில் கேமராவோடு குப்புறப் படுத்திருந்த நான்தான் பக்கத்திலிருந்த காரை உதைத்துவிட்டேன். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பே பால்கனிக்கு வந்து என் முதுகை வேடிக்கை பார்த்தது.

"இன்னா சார், வுழுந்துட்டீங்களா?" என்று வாட்ச்மேன் தணிகாசலம் ஓடி வந்தார்.

எழுந்தால் மானம் தப்பும், படம் போய்விடும். படுத்தே கிடந்தேன். மார்கழி வெள்ளைப் பூக்கள் புகைப்படப் போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். மூன்று வருடமாக எனக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. இந்த முறையும் தோற்றால் கேமராவை விற்றுவிடுவதாக மனைவி ஸ்ரீலக்ஷ்மிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

லென்ஸுக்குள் ஒரே ஒரு வெள்ளைப் பூ. இதழ் நுனியில் ஒரு பனித்துளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். முழங்கை மண்ணைக்கூடத் தட்டாமல் படத்தைச் செல்போனுக்கு மாற்றி, 'மார்கழியின் முதல் பனித்துளி' என்று பெயர் சூட்டி, போட்டிக்கு அனுப்பியும்விட்டேன்.

"லக்ஷ்மி, பரிசு நமக்குத்தான்!"

வாசலுக்கு வந்த அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு நனைந்திருந்த என் வழுக்கையைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

முதல் மாடி பால்கனியிலிருந்து ஷீலா எட்டிப் பார்த்தாள்.

"சாரி அங்கிள்! குழந்தை ஜட்டியைச் சரியாப் பிழியாம காயப்போட்டுட்டேன். இன்னும் சொட்டுதா?"