முள்கரண்டி ஓரம்

என் மாமியாருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பள்ளிக்கூட கேன்டீன் ஒன்றை இருபத்தாறு வருஷம் நடத்தியவள். அவளுக்குக் கீழே ஆறு பெண்கள். எல்லோரும் பழப் பேஸ்ட்ரி செய்து ஒரே ஓவனுக்குள் தள்ளுவார்கள். உள்ளே போனது ஒன்று வாய் பிளந்து ஜூஸ் ஒழுகித் தட்டெல்லாம் கருகினால், ஆறு பேரும் ஒரே குரலில் "நான் இல்லக்கா" என்பார்கள். அதனால் ஒரு சட்டம் போட்டாள். ஒவ்வொருத்தியும் ஓரத்தைத் தன் பாணியில்தான் மூட வேண்டும். ஒருத்தி முள்கரண்டியால் அழுத்துவாள், ஒருத்தி விரலால் கிள்ளுவாள், ஒருத்தி கயிறு மாதிரி முறுக்குவாள். பிளந்த பேஸ்ட்ரியின் ஓரத்தைப் பார்த்தால் போதும், ஆள் மாட்டிக்கொள்வாள். இதெல்லாம் பாராட்டுவதற்கு இல்லை, பிடித்துத் திட்டுவதற்கு.

அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். நான் கல்யாணமாகி வந்தபோது முள்கரண்டியை ஏற்கெனவே அவள் மகள் எடுத்துக்கொண்டுவிட்டாள். என் நாத்தனாரை நான் மனசுக்குள் மகாராணி என்றுதான் கூப்பிடுவேன். மகாராணி இடது கைக்காரி. அதிலும் மாமியாருக்குப் பெருமை. "என் பொண்ணு இடது கையால செஞ்சாக்கூட உன் வலது கையைவிட சுத்தமா இருக்கும்" என்பாள். எனக்கு மிச்சம் கிடைத்தது கட்டைவிரல் மடிப்பு. விரலால் மடித்து மடித்துக் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் பிளந்தது, கருகியது, உப்புக் கூடியது எல்லாம் என் கட்டைவிரலின் குற்றம். நன்றாக வந்த நாளில் ஓரத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

நன்றாயிருக்கிறது என்று அவள் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஐம்பது வயசிலும் அந்த ஆசை போகவில்லை.

போன வருஷம் அவளுக்குக் கண் அழுத்தத்தில் பார்வை போனது. வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரியும். அப்புறம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. மகாராணி ஃபோனிலேயே முடிவு செய்தாள். "அண்ணி, நீங்க வேலைக்குப் போற ஆளு. ஹோம்ல விட்டா நல்லாப் பாத்துப்பாங்க." அவள் இருப்பது ரயிலில் மூன்று மணி நேரத் தூரம்தான். இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை மாடிக் கட்டடமானாலும் பயப்படாமல் ஏறுகிற மனுஷன், தங்கச்சியிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டார். அப்படியாக மாமியார் ஹோமின் மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள்.

அங்கே ஒரு நர்ஸ் உண்டு. வாராவாரம் எல்லோரையும் எடை பார்த்து அட்டையில் எழுதுவாள். நான் அவளுக்கு வைத்த பெயர் தராசு. ஒரு நாள் தராசு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க, அம்மா எதையும் சாப்பிடறதில்ல. ரெண்டு வாய் வாங்கிட்டுத் துப்பிடறாங்க. இப்படியே போச்சுன்னா மூக்குல ட்யூப் போட வேண்டியதுதான். வாய்க்குப் பிடிச்சது எதுவா இருந்தாலும் கொண்டு வாங்க."

வாய்க்குப் பிடித்தது என்றால் ஆப்பிள் பேஸ்ட்ரிதான். ஆனால் முறைப்படி மாவு பிசைந்து, வெண்ணெய் வைத்து மடித்து, ஃப்ரிட்ஜில் வைத்து, திரும்ப எடுத்துத் தேய்த்து மடிக்க எனக்கு எங்கே நேரம்? நான் ஆஸ்பத்திரித் துணிப் பிரிவில் வேலை செய்கிறேன். வாரத்தில் ஆறு நாள் படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் விட்டு எடுத்து மடித்து அடுக்குவது என் வேலை. சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் மாவு ரெடிமேடாக, தாள் தாளாக, சுருட்டி விற்கிறது. மாமியார் அதற்கு வைத்த பெயர் பொட்டலத்து மாவு. பொட்டலத்து மாவு வாங்குகிறவள் குடும்பம் நடத்த லாயக்கில்லாதவள் என்பது அவள் தீர்ப்பு. கண்தான் தெரியாதே என்று தைரியமாக ஒரு பாக்கெட் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆப்பிளைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, துளி உப்பு, பட்டைப் பொடி போட்டு வேகவைத்தேன். அதை நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு வைத்தால் மாவுக்குள் இருக்கிற வெண்ணெய் உருகி எல்லாம் குழைந்துவிடும். மாவுத் தாளை விரித்துச் சதுரமாக வெட்டி, நடுவில் கொஞ்சம் ரஸ்க் தூள் தூவினேன், பழத்தின் தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். மேலே ஒரு ஸ்பூன் ஆப்பிள். ஓரத்தில் முட்டையைத் தடவி முக்கோணமாக மடித்தாயிற்று. இனி மூட வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. வியாழக்கிழமை இஸ்திரி உருளையில் என் வலது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டிருந்தேன். மருந்து வைத்துக் கட்டிய கட்டு விரல் பருமனுக்கு மேல் ஒரு விரல் பருமன். அதை வைத்துக்கொண்டு எதைக் கிள்ளுவது? எரிச்சலில் டிராயரைத் திறந்து முள்கரண்டியை எடுத்தேன். இரண்டு ஓரத்திலும் வரிவரியாக அழுத்தி, மேலே இரண்டு கீறல் போட்டு, மீதி முட்டையைத் தடவி ஓவனில் வைத்தேன். இருபத்தைந்து நிமிஷத்தில் உப்பிப் பொன்னிறமாக வந்தது. ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

மாமியார் கையில் ஒன்றை வைத்தேன். அவள் உடனே வாயில் வைக்கவில்லை. பழக்கதோஷம், ஓரத்தைத்தான் தடவினாள். ஒரு விரல் இரண்டு பக்கமும் போய்வந்தது. முகம் அப்படியே மாறிவிட்டது.

"என் பொண்ணு வந்திருக்காளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "வரலம்மா. செஞ்சு அனுப்பி வச்சிருக்கா."

சண்டைக்கெல்லாம் திறக்காத வாய் பொய் சொல்ல மட்டும் எப்படித் திறந்ததோ. மாமியார் இரண்டு பேஸ்ட்ரியை முழுசாகத் தின்றாள். மடியில் விழுந்த செதில்களைக்கூட விரலில் ஒற்றி ஒற்றித் தின்றாள். "கை மணம்னா இது" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, உங்களுக்கு நெஞ்சுல ஈரம்னு ஏதாவது இருக்கா? காலையிலேருந்து அடுப்படியில நின்னது யாரு?"

"சாப்பிட்டாங்கல்ல? ட்யூப் போடாம தப்பிச்சாங்கல்ல? யார் செஞ்சா என்ன, விடேன்."

விட்டேன். நாலு மாதம் விட்டேன். கட்டைவிரல் பத்து நாளில் ஆறிப்போயிற்று, ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் முள்கரண்டிதான். ஒரு வாரம் ஆப்பிள், ஒரு வாரம் பேரிக்காய், ஒரு வாரம் பிளம். தராசின் அட்டையில் எடை ஏறியது. மாமியார் என் கையால் செய்ததைத் தின்றுகொண்டே, என்னைப் பார்த்து, "நீயும் கத்துக்கயேன், அவகிட்ட கேட்டு" என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க அத்தை" என்பேன்.

ஞாயிறு நாலு மணிக்கு மகாராணி ஃபோன் பண்ணுவாள். அது ஒன்றைத் தவறாமல் செய்துவிடுவாள். ஒரு நாள் நாங்கள் ஹோமிலிருந்து கிளம்ப நேரமாகிவிட்டது, ஃபோன் வரும்போது அங்கேயே இருந்தோம். தராசு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை மேல் வைத்தாள்.

"நீ அனுப்பினது வந்துச்சும்மா. இந்த வாரம் பேரிக்காய் ரொம்பப் பிரமாதம்" என்றாள் மாமியார்.

அந்தப் பக்கம் மகாராணியின் குரல், தேனாக: "ஆமாம்மா. உனக்குப் பிடிக்கும்னுதான் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன்."

ராத்திரி அவளே என்னைக் கூப்பிட்டாள். "தப்பா நெனைக்காதீங்க அண்ணி. அம்மா சந்தோஷத்துக்காகத்தான் சொன்னேன்." அண்ணி சந்தோஷத்தைப் பற்றி அந்த வீட்டில் யார் எப்போது கவலைப்பட்டார்கள்?

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கட்டிலில் ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தி இருக்கிறாள். நான் டப்பாவோடு கதவருகில் வந்தபோது மாமியார் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மருமக வராம இல்ல, வருவா. ஆனா கை வராது டீச்சர். சில பேருக்கு ஜென்மத்துக்கும் வராது."

போதும் என்று தோன்றியது. அன்று டப்பாவில் இருந்ததைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் வீடு வந்தேன். அடுத்த ஞாயிறு முள்கரண்டியை டிராயரிலேயே விட்டேன். ஆப்பிளை வைத்து மடித்து, என் கட்டைவிரலால் ஓரம் முழுக்க, நெருக்கமாக, அழகாகக் கிள்ளி மூடினேன். வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் மூடியதில்லை. வீட்டுக்காரர் பார்த்தார், "எதுக்கு இது?" என்றார். "நீங்க பேசாம இருங்க" என்றேன். அவர் வரவே மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மாமியார் கையில் கொடுத்தேன். விரல் ஓரத்தில் போயிற்று. முதல் மடிப்பிலேயே நின்றுவிட்டது.

"இது உன்னுது."

"ஆமா அத்தை. இது மட்டுமில்ல, இத்தனை நாளா சாப்பிட்டது எல்லாமே என்னுதுதான். கட்டைவிரல் சுட்டுப்போச்சுன்னு முள்கரண்டி எடுத்தேன். மாவும் பொட்டலத்து மாவுதான். உங்க பொண்ணு ஒரு நாளும் ஒண்ணும் அனுப்பல." கடகடவென்று கொட்டிவிட்டேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்தாள்.

மாமியார் பதறவில்லை. பேஸ்ட்ரியை மெல்ல டப்பாவில் திருப்பி வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவ இடது கைக்காரி. அவ அழுத்தினா கோடு இந்தப் பக்கம் சாயும். இது அந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு. மொத நாளே தெரியும். பொட்டலத்து மாவும் தெரியும், கண்ணுதானே போச்சு, நாக்கா போச்சு?"

"அப்புறம் ஏன் அத்தை..." என்றேன்.

"அவ வரமாட்டா. அது எனக்குத் தெரியாதா? திங்கற நேரமாவது அவ செஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டுத் தின்னேன். தொண்டையில இறங்குச்சு. அன்னைக்கு ஃபோன்ல நீ அனுப்பினதுன்னு வேணும்னுதான் சொன்னேன். ஆமாம்மான்னு சொன்னா பாரு. பொய்தான். எனக்காக ஒரு பொய் சொல்ற அளவுக்காவது இருக்காளேன்னு இருந்துச்சு. இப்ப நீ எல்லாத்தையும் சத்தமா சொல்லிட்ட. இனிமே நான் எப்படி நெனைச்சுக்கிறது?"

அந்த நேரத்திலும் என் நாக்கு சும்மா இருந்ததா? "நான் செஞ்சதுன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொல்லலையே நீங்க" என்றேன். அழுகையில் மூக்கு ஒழுகியது.

"நல்லா இல்லாமலா நாலு மாசம் தின்னேன்?" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருஷம் கேட்டுக் காத்திருந்த வார்த்தை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் ஹோம் சாப்பாட்டையும் துப்பினாள் என்று தராசு சொன்னாள். புதன்கிழமைக்குள் பார்ப்போம், இல்லாவிட்டால் ட்யூப்தான் என்றாள். ஞாயிறு காலையில் மறுபடி மாவுத் தாளை விரித்தேன். ஆப்பிளை வைத்து மடித்தேன். முள்கரண்டியை இடது கையில் பிடித்தேன். முதல் தட்டு முழுக்கக் கோணல்மாணல், அதை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி செய்தேன். இரண்டாவது பாக்கெட்டும் தீரும்போது கோடுகள் மகாராணி போட்ட மாதிரியே சாய்ந்து விழுந்தன. அதில் நன்றாக வந்த ஆறை மட்டும் டப்பாவில் அடுக்கினேன்.

டப்பாவைத் திறந்து அவள் கையில் வைத்தேன். "உங்க பொண்ணு அனுப்பினது அத்தை" என்றேன். விரல் ஓரத்தில் போயிற்று. ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பியபோது அவள் உதடு பிரிந்தது. சாப்பிடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"இடது கையும் பழகிட்டியா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "பாவம்டி நீ. எடுத்துட்டுப் போ."

பஸ் ஸ்டாப்பில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தேன். செதில் செதிலாக உடைந்து, உள்ளே ஆப்பிள் புளிப்பும் இனிப்பும் அளவாக இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். மூன்றாவதில் இருக்கும்போது ஃபோன் அடித்தது. மகாராணி.

"என்ன அண்ணி, இப்பத்தான் அம்மாகிட்ட பேசினேன். இந்த வாரம் ஒண்ணுமே சொல்லலையே? நான் அனுப்பினது சாப்பிட்டாங்களா இல்லையா?"

நான் அனுப்பினது என்றாள். வாராவாரம் ஆமாம்மா என்று சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டிருந்தாள்.

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன். "நீ அனுப்பினது ரொம்ப நல்லாருக்கும்மா. நான்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."