பார்த்த நேரம்: பூஜ்யம்

நவீன இலக்கியத் திறனாய்வு என்னும் தாளை இணையவழியில் கற்பிக்கும் பொறுப்பு வந்தபோது, பிரவீன்ராஜ் வகுப்பைத் தலைகீழாக்கினான். பாடம் காணொலியாக முன்கூட்டியே போய்விடும். மாணவர்கள் தத்தம் நேரத்தில் அதைப் பார்த்து, இடையிடையே வரும் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். சனிக்கிழமை நேரலை வகுப்பு விவாதத்துக்கு மட்டும். காணொலித் தளம், கேள்விப் படிவம், வாட்ஸ்அப் குழு, நேரலை அறை ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று இணைக்கவே அவனுக்கு ஒரு கோடை விடுமுறை போயிற்று. எடமலைப்பட்டி புதூர் வீட்டு மாடி அறையில், சத்தம் பதிவாகக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையில் நனைந்தபடி எட்டுப் பாடங்களைப் பதிவு செய்தான்.

பருவ முடிவில் அந்த இணைப்பே அவனைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. மலர்க்கொடி என்ற மாணவி எட்டுப் பாடங்களுக்கும் சேர்த்து நாற்பதுக்கு நாற்பது பெற்றிருந்தார். அவர் காணொலி பார்த்த நேரமோ பூஜ்யம். முக்கால் பங்காவது பார்க்காதவருக்கு அகமதிப்பெண் கிடையாது. அது இல்லாதவர் பருவத்தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதத் தகுதியானோர் பட்டியல் கடைசிச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஸ்ரீரங்கத்திலுள்ள படிப்பு மையத்துக்குப் போயாக வேண்டும்.

மலர்க்கொடிக்கு முப்பத்தெட்டு வயது. பச்சைமலையில் மரவள்ளி பயிரிடும் குடும்பம். முதுகலை முடித்து, பி.எட். படித்து, மலையிலேயே தமிழாசிரியராக வேண்டும் என்று முதல் வகுப்பில் சொல்லியிருந்தார். அவர்மீது பிரவீன்ராஜுக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஆசிரியர், பிரதி, வாசகர் என மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் படத்தை அவன் பாடத்தில் காட்டியிருந்தான். அதைப் பற்றிய கட்டுரையில் அவர், ‘மூன்று தோசைகள் பாதிப்பாதி மேலேறிக் கிடக்கின்றன, மூன்றும் சேரும் இடமே பொருள்’ என்று எழுதியிருந்தார். கேலி செய்கிறார் என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், “மலர்க்கொடி, நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க” என்றான்.

எல்லாரும் வெளியேறிய பிறகும் இன்னொரு பெயர் திரையில் நின்றது. மன்னார்புரத்து மருந்துக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டே அதே வகுப்பில் படிக்கும் ஜென்சி.

“ஜென்சி, கிளாஸ் முடிஞ்சிருச்சு.”

“தெரியும் சார். நெட் ஸ்லோ. வெளிய போக மாட்டேங்குது.”

அவன் அதை விட்டுவிட்டு மலர்க்கொடியிடம் கேட்டான். “ஒரு வீடியோகூட நீங்க பாக்கலன்னு ரிப்போர்ட்ல இருக்கு. ஆனா பதில் எல்லாம் சரி. யாருதப் பாத்துப் போட்டீங்க?”

“யாருதயும் பாக்கல சார். பாடத்தக் கேட்டேன்.” அவர் குரல் விட்டுவிட்டு வந்தது. மரவள்ளிக் காட்டைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறி நின்றால்தான் அவருக்கு நேரலை கேட்கும். படம் ஒருபோதும் வராது.

“எதுல கேட்டீங்க?”

“அக்கா, நான் சொல்லிடுறேன்” என்றாள் ஜென்சி.

“நீ சும்மா இரு புள்ள. உன் பேரையும் சேத்து எடுத்துருவாங்க.”

“எடுக்கட்டும். சார், அக்கா வீட்டுக்குச் சாதாரண கால் மட்டுந்தான் போகும். நான் என் ஐடில லேப்டாப்ல பாடத்த ஓட விட்டு, ஃபோன ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சிருவேன். கேள்வி வந்தா நிறுத்துவேன். அக்கா பதில் சொல்லுவாங்க, கேள்விப் படிவத்துல மட்டும் அவங்க ஐடில நான் டிக் பண்ணுவேன்.”

“பதில நீங்களே சொல்லிக் குடுக்கலன்னு எப்படி நம்புறது?”

“என் மார்க்கப் பாருங்க சார். இருபத்தாறு. எனக்குப் போட்டு முடிச்சிட்டுத்தான் அக்காவுக்கு ஓட விடுவேன். பதில் தெரிஞ்சா எனக்குப் போட்டுக்க மாட்டேனா?”

“அப்போ அந்த தோசை?” என்று கேட்டான்.

“படத்த எப்படி சார் ஃபோன்ல காட்டுறது? தோசை மாதிரின்னு சொன்னேன்.”

“நீங்க நெசமாவே தோசைதான் வரைஞ்சிருக்கீங்கன்னு நெனச்சேன் சார்” என்றார் மலர்க்கொடி. “வட்டம்னு அவ சொல்லவே இல்ல.”

உண்மையைச் சொன்னால் ஜென்சியும் மாட்டுவாள். சொல்லாவிட்டால் மலர்க்கொடியின் பெயர் போய்விடும். பூஜ்யத்தை அழித்து ஓர் எண்ணை அடித்தால் யாருக்கும் தெரியாது. மையத்துக்குப் போகும் வழியில், காவிரிப் பாலத்து நெரிசலில் ஸ்கூட்டரை உருட்டியபடி அதையும் எண்ணிப் பார்த்தான். மையத்தின் ஒருங்கிணைப்பாளர் சுபலட்சுமியின் முன் அமர்ந்தபோது, நடந்தது முழுவதையும் சொன்னான்.

சுபலட்சுமி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஒருத்தர் ஐடில இன்னொருத்தர் போனது தப்பு, பிரவீன். ஜென்சிக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். இந்த நாப்பதையும் நான் எடுத்தாகணும்.”

“அப்போ மலர்க்கொடி?”

“சர்வர் படுத்துக்கிட்டா வாய்மொழியாத் தேர்வு வெக்கலாம்னு ஒரு விதி இருக்கு. மலைக்கு சர்வர் என்னைக்குமே படுத்துத்தான் கிடக்குது. மணி மூணு. இப்பவே கூப்பிடுங்க, என் முன்னாடி.”

ஒலிபெருக்கியில் மலர்க்கொடியின் குரல் தெளிவாகவே வந்தது. எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். வட்டங்களைப் பற்றிக் கேட்டபோது சுபலட்சுமி குறுக்கிட்டார். “மூணும் ஒரே அளவா?”

“இல்லீங்க மேடம். கடைசியா ஊத்துறதுதான் மேல கிடக்கும், முழுசாத் தெரியும். வாசகர்தானே கடைசியா வர்றாரு.”

பிரவீன்ராஜ் மூன்றையும் ஒரே அளவில், எது மேல் எது கீழ் என்றில்லாமல் வரைந்திருந்தான். ஐந்துக்கு ஐந்து போட்டான்.

கடைசி இரண்டு கேள்விகளில் அவர் திணறினார். திரையில் எழுத்தாக மட்டும் ஓடிய பகுதி அது. ‘படித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு அவன் கடந்துபோயிருந்தான். ஜென்சி ஒருமுறை வாசித்துக் காட்டியதோடு சரி. அவன் சுபலட்சுமியைப் பார்த்தான்.

“தெரியலன்னா தெரியலதான், பிரவீன்” என்றார் அவர் மெதுவாக.

கூட்டிப் பார்த்தபோது முப்பத்தொன்று வந்தது.

“பரீட்சை எழுதலாங்களா சார்?” என்று கேட்டார் மலர்க்கொடி.

“எழுதலாம். ஆனா ஒன்பது மார்க் போயிருச்சு. அது உங்க தப்பு மட்டும் இல்ல.”

“அது கிடக்கட்டும் சார். அந்த ஒன்பது எதெதுன்னு இப்ப சொல்றீங்களா? இருங்க, நோட்டு எடுத்துட்டு வரேன்.”

சுபலட்சுமி பட்டியலில் பெயரைச் சேர்க்கத் தொடங்கினார். பிரவீன்ராஜ் மடிக்கணினியில் அந்த எழுத்துப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, மலையில் அவர் திரும்பி வரும் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.