கணேசலிங்கம் கேட்ட பந்து

பேஸ்பாலில் கேட்சர் என்பவர் மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். எந்தப் பந்து வேண்டும் என்று எறிகாரருக்கு விரலால் சைகை காட்டுவதும் அவர்தான். மெல்பேர்னில் நான்கு கழகங்களுக்காகக் கணேசலிங்கம் குந்தியிருந்தார். எறிகாரர்கள் அவருடைய சைகையைக் கவனமாகப் பார்ப்பார்கள்; பிறகு தங்களுக்குத் தோன்றியதை எறிவார்கள்.

2010இல் நான்காவது கழகமும் அவரை விடுவித்தது. பார்பிகியூ விருந்தெல்லாம் வைத்தார்கள்.

"உங்களை அனுப்புறதெண்டால் எல்லாருக்கும் எவ்வளவு சந்தோசம்!" என்றார் மனைவி சிவனேஸ்வரி, சொசேஜைக் கடித்தபடி.

அடுத்த ஆண்டு மெல்பேர்னின் ரோவில் பகுதியில் ஒரு கழகம் அவரைப் பயிற்றுநராக்கியது. தெரிவு நடந்தபோது அவர் கழிப்பறையில் இருந்தார். திரும்பி வந்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

கேட்சர் கேட்பதை எறியுங்கள் என்பதே அவருடைய முழுப் பயிற்சியும். எறிகாரன் பிரெட் ஒவ்வொரு முறையும் "யெஸ், கோச்" என்பான். அத்தோடு சரி.

2013இன் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். ஒரு ஓட்டம் முன்னிலை. எதிரணியில் இன்னும் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். அந்த நேரம் பார்த்து அணியின் கேட்சருக்குப் பெருவிரல் பிசகியது. மாற்று ஆளில்லை. கணேசலிங்கம் முகக்கவசத்தை எடுத்து மாட்டினார்.

"குந்துறது லேசு," வேலிக்கு அப்பாலிருந்து சிவனேஸ்வரி கத்தினார். "எழும்புறதுக்கு ஆரைக் கூப்பிடப் போறியள்?"

எதிரணியில் ஒருவன் ஓடத் தயாராகத் தளத்தில் நின்றான். மட்டையோடு நின்றவன் மலைபோல இருந்தான். கணேசலிங்கம் மெதுவாக வளையும் பந்தைக் கேட்டார். பிரெட் தலையாட்டி மறுத்தான். மீண்டும் கேட்டார். மீண்டும் மறுத்தான்.

நடுவரின் தோளைப் பிடித்து எழுந்து, நொண்டியபடி பிரெட்டிடம் போனார்.

"கேட்சர் கேட்டதை எறி. இது கோச்சின் உத்தரவு," என்றார் ஆங்கிலத்தில்.

திரும்பி வந்து மறுபடி குந்தினார். பிரெட் எறிந்தான். பந்து மெதுவாக, அழகாக வளைந்து, கேட்ட இடத்துக்கே வந்தது. மலை மட்டையை வீசினான். வேலியைத் தாண்டி, வாகனங்களைத் தாண்டி, யாரோ ஒருவரின் தோட்டத்தில் பந்து விழுந்தது. தளத்தில் நின்றவனும் மலையும் ஓடி வந்ததில் எதிரணிக்கு ஓட்டம் இரண்டு. ஆட்டம் முடிந்தது, கழகம் இறங்கியது.

காரில் ஏறக் கணேசலிங்கத்துக்குக் கால் மடங்கவில்லை. சிவனேஸ்வரி குனிந்து, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார். நிமிர்ந்து பார்த்தால் மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன சிரிப்பு?"

"கேட்ட இடத்துக்கே எறிஞ்சவன், சிவனேஸ். மயிரிழை பிசகேல்லை."

"ஓம். அது போன இடத்தையும் பார்த்தனான்," என்று சிவனேஸ்வரி கதவைச் சாத்தினார்.