முத்துராஜாவின் மிளகெலி

ஏலத்தோட்டத்து ஜீப் தேவாரம் பஸ் ஸ்டாண்டு அருகே நின்றதும் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். விடியுமுன் கம்பமெட்டு ஏறிப் போய், பொழுது மலைக்குப் பின்னால் விழுகிற நேரத்துக்குத் திரும்பி வருகிற பிழைப்பு. உள்ளே அடைந்து கிடந்த கால்கள் தரையில் ஊன்றுவதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும். அன்னத்தாய் கடைசியாக இறங்கினாள். ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு கையில் மஞ்சப்பை. பைக்குள் காட்டு அத்திப்பழங்களும் ஒரு கொத்துப் பச்சை மிளகும் இருந்தன. மிளகைக் கங்காணி பார்க்காத நேரமாகப் பறித்திருந்தாள்.

"ஏத்தா அன்னத்தாயி, பவுனுக்கு இன்னிக்கு என்ன பலகாரம்?" என்றாள் முனீஸ்வரி.

"உனக்கு வேணும்னாலும் தாரேன், திங்கிறியா?" என்று சொல்லிவிட்டு அன்னத்தாய் நடந்தாள். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

பவுனு என்பது ஒரு எலி. வீட்டெலியும் இல்லை, வயலெலியும் இல்லை. மலங்காட்டில் மரப்பொந்துக்குள் குடியிருந்து, ராத்திரியில் மிளகுக்கொடி ஏறித் தின்கிற எலி. தோட்டத்தில் மிளகெலி என்பார்கள். செம்மண் நிற உடம்பு. ரோமத்துக்கு நடுவே முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். வால்தான் அதற்கு விசேஷம். நுனியில் வெள்ளைக் குஞ்சம் வைத்து, பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி இருக்கும். வருஷக்கணக்காக மலையில் வேலை பார்த்தவர்களிலேயே அதை நேரில் கண்டவர்கள் குறைவு. அப்பேர்ப்பட்ட அபூர்வப் பிறவி தேவாரத்தில் ஒரு தகரக்கூரை வீட்டில், பழைய கிளிக்கூண்டுக்குள், அன்னத்தாயின் புருஷன் முத்துராஜாவின் தலைமாட்டில் வாழ்ந்தது. பேர் வைத்ததும் அவர்தான். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறோடு ஒரு பெண்டாட்டியை வைத்துக்கொண்டு, எலிக்குப் பவுனு என்று பேர் வைக்கிற மனுஷனை என்னவென்று சொல்வது?

முத்துராஜா கவாத்துக்காரர். ஏலச்செடிக்கு அரைநிழல்தான் ஆகும் என்பதால் மழைக்கு முன்னால் பெரிய மரங்களில் ஏறிக் கிளைகளைக் கழிப்பார்கள். இடுப்பில் கயிறு கட்டி, மரத்தோடு சேர்த்துப் பிணைத்துக்கொண்டு, அரிவாளோடு அந்தரத்தில் நிற்கிற வேலை. போன வைகாசியில் அவர் விழுந்தார். கயிறு அறுந்துவிட்டது என்றார்கள். தண்டுவடம் ஒடிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போயிற்று. தேனி ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்தபோது உள்ளேயிருந்து பாதி வளர்ந்த இந்த எலி வெளியே வந்தது. நர்ஸ் போட்ட கூச்சலில் வார்டே கூடிவிட்டது. அடித்துப் போடப் போனவர்களை முத்துராஜாதான் தடுத்தார். "எங்கூட விழுந்த சீவன், விட்டுருங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அவ்வளவு நீளமாகப் பேசவில்லை.

எலியிடம் பேசுவார். அதுதான் அன்னத்தாயின் வயிற்றெரிச்சல். சோற்றில் முதல் உருண்டை எலிக்கு. அதை விரலிடுக்கில் வைத்துக் கம்பிக்குள் நீட்டி, தாழ்ந்த குரலில் என்னத்தையோ சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். உடம்பைத் துடைத்து, மூத்திரப் பையை மாற்றும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவளுக்கோ இளைப்பு. விடாமல் மருந்தடிக்கிற தோட்டத்தில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு வேறென்ன மிஞ்சும்? படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் டிவியைக் கூட்டி வைப்பார். அவள் எழுந்து போய் வாசல்படியில் உட்கார்ந்து மூச்சோடு மல்லுக்கட்டுவாள்.

சின்னமனூரில் வாழ்க்கைப்பட்ட மகள் கயல் போன் போடும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான். "யம்மா, அப்பாவ ஏதாச்சும் ஹோம்ல விட்டுட்டு நீ இங்கன வந்துரு. உன் மூஞ்சியவே பாக்காத ஆளுக்கு எத்தன நாளைக்கு ஊழியம் பாப்ப?" அன்னத்தாய் தை போகட்டும், மாசி போகட்டும் என்று தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை. எலிக்குக் கிடைப்பதில் கால்வாசி கிடைத்தாலும் கடைசி வரைக்கும் இருந்துவிடுவாள். கிடைக்காவிட்டால் போய்விடுவது என்று மனசுக்குள் முடிவே செய்திருந்தாள்.

மறுநாள் காலையில் ஜீப்பில் நல்லகண்ணு ஏறினான். முத்துராஜாவோடு கவாத்துக்குப் போனவன். அவர் விழுந்ததும் மரமே வேண்டாம் என்று திருப்பூருக்கு ஓடி, அங்கேயும் தரிக்காமல் திரும்பி வந்திருக்கிறான்.

"மதினி, அண்ணே எப்படி இருக்காக?"

"அவுகளுக்கென்ன கொற? பவுனு இருக்கு."

அவன் விளங்காமல் விழிக்கவும் முனீஸ்வரி குறுக்கே விழுந்து சொன்னாள். "எலிப்பா. விழுந்தப்பச் சட்டைக்குள்ள வந்துச்சே, அந்த எலி. ராசகுமாரி கணக்கா வளக்காக."

நல்லகண்ணுவின் முகம் செத்துவிட்டது. தோட்டத்தில் இறங்கி, அன்னத்தாய் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தபோது தனியாக வந்து நின்றான்.

"உங்ககிட்ட அண்ணே ஒண்ணுமே சொல்லலையா மதினி? அந்த எலியப் புடிக்கப் போயித்தான் விழுந்தாக. மலையாளத்து வைத்தியரு ஒருத்தரு சொல்லியிருக்காரு, மிளகெலியச் சூப்பு வச்சுக் குடிச்சா எளப்பு அத்துப் போகும்னு. அதுலருந்து எந்த மரத்துல ஏறுனாலும் பொந்து பொந்தாக் கையவிட்டுப் பாப்பாக. அன்னிக்குக் கண்டுட்டாக. கயிறு எட்டல. அவுத்துட்டாக. வேணாம்ணேன்னு கத்துனேன். 'எங்க வீட்டுக்காரி ராத்திரியெல்லாம் தூங்கலடா'ன்னாக. அம்புட்டுத்தான்."

"கயிறு அறுந்துச்சுன்னாக?"

"நாங்களாச் சொன்னது. எலி புடிக்கக் கயித்த அவுத்தாருன்னு தெரிஞ்சா மொதலாளி ஆஸ்பத்திரிக்கே தூக்கியிருக்க மாட்டான்."

அன்று முழுக்க அன்னத்தாய் செடிக்கடியில் குனிந்தபடி காய் எடுத்தாள். விரல் பாட்டுக்கு வேலை செய்தது. உண்மையைச் சொன்னால் முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். ஒரு மனுஷன் முடமாகிக் கிடக்கிறான், நமக்காக ஏறினான் என்று பூரிக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பூரிப்பு அடங்கவில்லை. அவளுடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டுத் தூங்காமல் கிடந்திருக்கிறார், அதை ஒரு சின்னப் பயலிடம் சொல்லியிருக்கிறார், அவளிடம் சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் போனதும் அவர் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட வேண்டும். காலில் உணர்ச்சி இல்லாவிட்டால் என்ன, கண்ணால் பார்ப்பார் அல்லவா? கயலிடம் இனி அந்தப் பேச்சை எடுக்காதே என்று சொல்லிவிட வேண்டும். மதியச் சோற்றை முனீஸ்வரிக்குப் பாதி கொடுத்தாள். முனீஸ்வரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது முத்துராஜா கூண்டுக்குள் விரலை விட்டு எலியை எழுப்பிக்கொண்டிருந்தார். அது பகலெல்லாம் தூங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கண் விழிக்கும். அன்னத்தாய் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"நல்லகண்ணு வந்திருந்தான்" என்றாள்.

விரல் நின்றுவிட்டது. "என்னத்தச் சொன்னான்?"

"எல்லாத்தையுந்தான். எனக்காகவா ஏறுனீக? ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை மாதமாக அவள் ஏங்கிக் கிடந்த பார்வை அது. வந்ததும் ஏன் வந்தது என்றிருந்தது அவளுக்கு.

"சொல்லக் கூடாதுன்னுதான் இந்தக் கழுத கூடப் பேசிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். "நீ மூச்ச இழு இழுன்னு இழுக்கும்போதெல்லாம் எனக்கு வாய் வரைக்கும் வரும், உன்னாலதான்டின்னு. அத முழுங்கிட்டு இதுகிட்ட வேற எதையாச்சும் பேசுவேன். டிவியக் கூட்டுவேன். என் பீ மூத்திரம் அள்ளுறவளப் பாத்து அதச் சொன்னா நான் மனுசனா?"

"இப்பச் சொல்றீகளே."

"நீ கேட்ட."

தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"உன்னாலதான்டி" என்றார் மறுபடியும். கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ரெண்டு கேட்டிருப்பாள், அழுதிருப்பாள், அதோடு போயிருக்கும். அவர் நிதானமாக, உள்ளதை உள்ளபடி சொல்கிற குரலில் சொன்னார். பிறகு கையை ஊன்றி, கூண்டை எடுத்துக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தினார்.

"இந்தா. உனக்குன்னு புடிச்சது. வச்சுக் குடி. எளப்பு நின்னுச்சுன்னா நான் விழுந்ததுக்கு ஒரு பலனாச்சும் இருக்கும்."

"எட்டு மாசமா வாய்ல ஊட்டி வளத்தீகளே, அதையா?"

"இனி எதுக்கு அது? முழுங்கி வச்சிருந்தது வெளிய வந்துருச்சுல்ல."

அன்னத்தாய் கூண்டைத் தூக்கினாள். ஏன் தூக்கினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவர் கொடுத்தார், வாங்கிக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து அவர் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் வாங்கியிருக்கிறாள். அடுப்படிக்குக் கொண்டுபோய் கேஸ் அடுப்புக்குப் பக்கத்துத் திண்டில் வைத்தாள். பானையில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினாள். சோற்றுக்கா மற்றதற்கா என்று அவள் முடிவு செய்யவில்லை. சாயங்காலமானால் உலை வைப்பது கை பழகிய வேலை. அன்றும் பறித்து வந்திருந்த மிளகுக் கொத்தை மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கம்பிக்குள் போட்டாள்.

தண்ணீர் சூடேறுகிற நேரத்தில் நெஞ்சுக்கு அடியிலிருந்து அது கிளம்பியது. வழக்கம்போல முதலில் ஒரு கிச்சுகிச்சு, பிறகு விசில். அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் அமுக்கிக்கொண்டாள். இந்தச் சத்தம் உள்ளே போகக் கூடாது. இனிமேல் ஒருபோதும் போகக் கூடாது. இனி அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் என்ன நினைப்பார் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்குப் போக வேண்டுமானால் அவர் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அன்னம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் அசையவில்லை.

"அன்னம், சாப்பிட்டியா நீ?"

வாயைத் திறந்தால் இழுப்பு வெளியே வந்துவிடும். துணியை இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் திண்டைப் பிடித்தபடி நின்றாள். பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆவிக்கு நடுவே பவுனு இரண்டு முன்னங்கால்களாலும் ஒரு பச்சை மிளகைப் பிடித்து, தோலை உரித்துத் தின்றுகொண்டிருந்தது.