பெட்டி காட்டிய நாலு

தம்பி வேலை பார்த்த கம்பெனியில் பெட்டி செய்தார்கள். ரத்த வங்கியின் ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்து உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும். கூடினாலும் குறைந்தாலும் அலறும். அதற்கான நிரலைத் தம்பி தன் மேசைக் கணினியில் எழுதுவான். கணினியின் இயங்குதளம் ஒன்று, பெட்டியின் இயங்குதளம் வேறு. அதனால் இங்கே உட்கார்ந்தபடியே பெட்டிக்குப் புரிகிற மாதிரி கம்பைல் செய்து அனுப்ப வேண்டும். அனுப்புமுன் பெட்டியில் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் ஆபீசில் இருந்த ஒரே பெட்டி, வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக முதலாளியின் கார் டிக்கியில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவே சோதனையையெல்லாம் தம்பி தன் கணினியிலேயே ஓட்டி முடித்தான். எல்லாம் பாஸ். பிறகு பெட்டிக்கென்று ஒருமுறை கம்பைல் செய்து அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனான்.

முதல் பெட்டிகளில் ஒன்று அக்கா வேலை செய்த ரத்த வங்கிக்கே போனது. தம்பிக்குப் பெருமை பிடிபடவில்லை. பொருத்திய அன்று ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தார்கள். சூடு ஏறியதும் பெட்டி அலறி ஊரைக் கூட்டியது. "உன்ன மாதிரியே தொண்டைடா இதுக்கு" என்று அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். குளிர வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எட்டாவது மாதம் ஃப்ரிட்ஜில் ஏதோ பழுது. உள்ளே குளிர் மிஞ்சிப்போய், பின்சுவரை ஒட்டியிருந்த ரத்தப் பைகள் உறைந்து, இளகி, கெட்டன. அதில் ஒன்றை, பிள்ளை பெற்ற கையோடு ஒரு பெண்ணுக்கு ஏற்றினார்கள். அவள் பிழைக்கவில்லை.

பெட்டி காட்டும் எண்ணை எழுதி வைக்கும் பதிவேட்டை விசாரணை அதிகாரி புரட்டினார். இரண்டு இரவு ட்யூட்டியிலும் மணிக்கு ஒருமுறை அக்காவின் கையெழுத்தில் நாலு, நாலு, நாலு.

"எந்த ஃப்ரிட்ஜும்மா ரெண்டு ராத்திரியும் ஆணி அடிச்ச மாதிரி ஒரே நம்பர்ல நிக்கும்? பாக்காமலே எழுதியிருக்கீங்க."

"பாத்துத்தான் சார் எழுதினேன். நாலுதான் காட்டுச்சு."

அக்காவைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.

தம்பி முதலாளியின் டிக்கியிலிருந்து பெட்டியைப் பிடுங்கி வந்து, சென்சரை ஐஸ் தண்ணீரில் விட்டான். நாலு. ஐஸை அள்ளிப் போட்டான். அப்போதும் நாலு. நிரலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தான். ரத்தம் இருக்க வேண்டிய நாலு டிகிரியிலிருந்து எவ்வளவு விலகல் என்பதை ஒரு சின்ன எண்ணில் வைத்திருந்தான். அவன் கணினிக்குக் கம்பைல் செய்தால் அந்த எண்ணில் மைனஸ் உண்டு. பெட்டிக்குக் கம்பைல் செய்தால் கிடையாது. மைனஸ் ஒன்று என்பது இருநூற்று ஐம்பத்தைந்து ஆகிவிடும். விலகல் நூறைத் தாண்டினால் ஒயர் ஆடுகிறது என்று அர்த்தம், பழைய எண்ணையே காட்டு என்று எழுதியவனும் இவனே. புத்திசாலித்தனமாம்!

திருத்த ஒரே ஒரு சொல் போதும். நாற்பது ஆஸ்பத்திரிகளில் இதே பெட்டி இருந்தது, தாமதித்தால் இன்னும் உயிர் போகும். அன்றே எல்லாப் பெட்டிகளுக்கும் இணையம் வழியாகப் புது நிரலை அனுப்பினான். அதில் ஒரு தப்பும் இல்லை. அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டான் பாருங்கள், அதுதான் தப்பு.

"வெளிய சொன்னா கம்பெனிக்குப் பூட்டு. உள்ள போறது நீதான், ஞாபகம் வெச்சுக்கோ" என்றார் முதலாளி. தம்பி பயந்துவிட்டான். சுத்தமான பயம், வேறொன்றும் இல்லை.

மறுநாள் அதிகாரி அக்காவின் ரத்த வங்கியில் இருந்த பெட்டியை ஐஸ் வைத்துச் சோதித்தார். புது நிரல் ஏறியிருந்த பெட்டி கட்டிடமே அதிர அலறியது. அதையும் அறிக்கையில் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி அக்கா வீட்டுக்குப் போனான். முகம் கழுவாமல், தலை வாராமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தானே கேக்கறாருடா, கண்ணசந்துட்டியான்னு. நாலுன்னு பாத்த ஞாபகம் நல்லா இருக்கு. ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நீ செஞ்ச பெட்டி, நீயே சொல்லு. அது தப்பாக் காட்டுமா?"

பழைய நிரல் இன்னும் அவன் கணினியில் பத்திரமாக இருந்தது. வாயைத் திறந்தால் போதும்.

"காட்டாதுக்கா" என்றான்.

அக்கா தலையை ஆட்டினாள். தம்பி சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லை.

"அப்ப நான்தான்டா அந்தப் பொண்ணக் கொன்னுருக்கேன்."